படம் எடுத்த இடம்



ஒரு படம் பூமியின் எந்தப் புள்ளியில் நின்று எடுக்கப்பட்டது என்பதை அந்தப் படக் கோப்புக்குள்ளேயே எண்களாக எழுதி வைப்பதுதான் இடக்குறி. கேமராவுக்குள்ளோ அதனுடன் இணைந்த கருவியிலோ இருக்கும் ஜிபிஎஸ் வாங்கி, செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞைகளைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. ஷட்டரை அழுத்தும் நொடியில் அந்த இடமும் படத்தோடு பதிவாகிவிடுகிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் வளாகத்தில் எடுத்த படமானால், அட்சரேகை வடக்கு 10 டிகிரி 14 நிமிடம், தீர்க்கரேகை கிழக்கு 77 டிகிரி 28 நிமிடம், உயரம் 2,343 மீட்டர் ஆகியவற்றை ஒட்டிய எண்கள் அதில் இருக்கும். இவை படத்தின் மேல் அச்சாவதில்லை. கோப்பின் தலைப்பகுதியில் கண்ணுக்குப் படாமல் இருக்கும். உரிய மென்பொருளில் திறந்தால்தான் தெரியும்.

சமவெளியில் எடுத்த படத்தில் கோபுரமோ கடையின் பெயர்ப்பலகையோ பேருந்தின் தகடோ இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மலையில் அப்படி எதுவும் கிடைப்பதில்லை. கொடைக்கானலிலிருந்து பெரிஜம் ஏரிக்குப் போகும் வழியில் எடுத்த சோலைக்காட்டின் படத்தையும், வட்டக்கானல் பக்கம் எடுத்த சோலைக்காட்டின் படத்தையும் ஓர் ஆண்டு கழித்து அருகருகே வைத்தால், எடுத்தவருக்கே எது எங்கே என்று சொல்வது கடினம். பாசி படர்ந்த மரம், பெரணி, மூடுபனி என இரண்டிலும் ஒரே காட்சிதான். இடம் தெரியாத சோலைப் படம் அழகான படமாக மட்டுமே மிஞ்சுகிறது. இடமும் நேரமும் தெரிந்தால் அது சான்றாகிறது. வேறொருவர் அதே இடத்துக்குத் திரும்பிப் போய் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

இடத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் கொடைக்கானல் அமைந்த பழனி மலைக்குப் புதிதல்ல. 1821-இல் லெப்டினன்ட் வார்டு இந்த மலைகளில் ஏறி நில அளவை செய்தார். கொடைக்கானல் என்ற ஊர் உருவாவதற்கு முந்தைய காலம் அது. பிற்காலத்தில் தாவரவியலாளர் கே. எம். மேத்யூ இந்த மலையின் செடிகொடிகளை முழுமையாகப் பதிவு செய்து, பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலை 1999-இல் வெளியிட்டார். அவர் நிறுவிய ராபினாட் உலர்தாவரகம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருக்கிறது. உலர்த்தி ஒட்டிய செடியின் கீழே எங்கே, எந்த உயரத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒரு சீட்டு இருந்தால்தான் அந்தத் தாள் ஆய்வுக்குப் பயன்படும். கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்துவரும் சூரியப் படங்களுக்கும் இதே விதிதான். சூரியனின் வடக்குத் திசை ஒளிப்படத் தட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கணக்கிட, அந்தத் தட்டு எடுக்கப்பட்ட மணியும் நிமிடமும் வேண்டும். நூறாண்டுக்கு முன் ஒருவர் பொறுமையாக எழுதிவைத்த நேரத்தை நம்பித்தான் இன்றைய கணிப்பொறிகள் அந்தத் தட்டுகளைப் படிக்கின்றன. டிஜிட்டல் கேமராவின் இடக்குறி அந்தச் சீட்டின் இன்றைய வடிவம்.

இன்றைக்கு அது ஏன் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதற்கு ஓர் ஆய்வு போதும். பழனி மலையின் உயர்பகுதிப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மறைந்துவிட்டது என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு கண்டறிந்தது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டே இதைக் கணித்தார்கள். புல்வெளி இருந்த இடங்களை வாட்டில், பைன், தைல மரங்களும் விவசாய நிலமும் பிடித்துக்கொண்டன. வானிலிருந்து பார்த்தால் சோலையும் பச்சைதான், வாட்டில் தோப்பும் பச்சைதான். எந்தப் பச்சை எது என்று முடிவு செய்யத் தரையில் ஒருவர் நின்று பார்த்தாக வேண்டும். இடக்குறியோடு எடுத்த ஒரு படம் அந்தச் சாட்சியத்தைத் தரும். கல்லூரி மாணவர் ஒருவர் விடுமுறையில் எடுக்கும் படங்களுக்கும் இந்தத் தகுதி உண்டு. எண்கள் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

எண்கள் எப்படி வருகின்றன என்பதை இனிப் பார்க்கலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. தான் எங்கே இருக்கிறது, இப்போது மணி என்ன என்ற இரண்டு செய்திகளைத்தான் அது ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. செய்தி புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், வாங்கியின் கடிகாரப் பிழை ஆகிய நான்கையும் கணக்கிடலாம். நேரத்தில் ஒரு மைக்ரோவிநாடி தவறினால் தூரத்தில் 300 மீட்டர் தவறிவிடும். இந்த ஏற்பாடு முழுவதும் நேரத்தின் மேல்தான் நிற்கிறது. பின்னால் வரப்போகும் சிக்கல்கள் பலவற்றுக்கும் அதுவே காரணம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய ஜிபிஎஸ் 1995-இல் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் 2000 மே மாதம் வரை வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அது நீங்கிய பிறகுதான் இடக்குறி பயனுள்ளதாயிற்று. இன்றைக்குத் திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண கைப்பேசி ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் இன்றைய வாங்கிகள் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. இந்தியாவின் நாவிக் அமைப்புக்கான முதல் செயற்கைக்கோளை இஸ்ரோ 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. மலைப்பகுதியில் இது வெறும் பெருமைக்கான செய்தி அல்ல. வானத்தின் பாதியைப் பாறை மறைத்து நிற்கும் இடத்தில், கண்ணில் படும் செயற்கைக்கோள்கள் எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவுக்குக் கணக்கும் சீராகும்.

கிடைத்த இடம் எக்ஸிஃப் என்ற ஏற்பாட்டின்படி படத்தில் எழுதப்படுகிறது. ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்று 1995-இல் வகுத்த இந்த முறையைத்தான் எல்லாக் கேமராக்களும் பின்பற்றுகின்றன. ஷட்டர் வேகம், துளையளவு, தேதி, நேரம் ஆகியவற்றுக்கு அருகிலேயே ஜிபிஎஸ் தகவலுக்குத் தனிப் பகுதி உண்டு. டிகிரி, நிமிடம், விநாடி மூன்றும் தனித்தனி எண்களாக இருக்கும். வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்பது தனி எழுத்தாக இருக்கும். அந்த எழுத்தைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட முடியாது. வடக்கு தெற்காகிவிட்டால் கொடைக்கானல் படம் இந்தியப் பெருங்கடலின் நடுவில் போய் விழும். கிழக்கு மேற்கானால் கொலம்பியாவை ஒட்டிய கரீபியன் கடல். கையால் தட்டச்சு செய்யும்போது அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டால், ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் பசுமையான சோலை ஒன்று தோன்றும். வாங்கி வெறும் சுழியங்களை எழுதியிருந்தால் படம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், கினி வளைகுடாவில் இருக்கும். பெரிய தவறுகள் இப்படி வரைபடத்தில் உடனே கண்ணில் படும். கவலை தருபவை சிறிய தவறுகளே.

எண்ணின் அளவை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு டிகிரி அட்சரேகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர், ஒரு நிமிடம் 1.8 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒரு விநாடி ஏறக்குறைய 31 மீட்டர். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் தமிழ்நாட்டில் தீர்க்கரேகைக்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான். லண்டனில் இருப்பவருக்கு இந்த வசதி இல்லை. தசம முறையில் எழுதினால் நான்காவது தசம இடம் 11 மீட்டரைக் குறிக்கும், ஐந்தாவது ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். ஆறு, ஏழு தசம இடங்களை மென்பொருள் காட்டினாலும் கைப்பேசியோ கேமராவோ அவ்வளவு துல்லியத்தைத் தருவதில்லை. அந்தக் கடைசி இலக்கங்களை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

படத்தில் இடத்தைச் சேர்க்க நான்கு வழிகள் உண்டு. முதலாவது, கேமராவுக்குள்ளேயே வாங்கி இருப்பது. 2012-இல் வந்த கேனான் 6டி, 2013-இல் வந்த நிக்கான் டி5300 ஆகியவை அப்படிப்பட்டவை. வசதியானதுதான், ஆனால் பேட்டரியைத் தின்னும். கேனான் 6டி போன்றவற்றில் கேமராவை அணைத்த பிறகும் ஜிபிஎஸ் இயங்கிக்கொண்டிருக்கும். மெனுவில் போய்த்தான் நிறுத்த வேண்டும். இரவில் குளிரும் ஊரில், இதை அறியாமல் தூங்கி எழுந்து விடியற்காலைப் படம் எடுக்கப் போனால் பேட்டரி காலியாகியிருக்கும். இரண்டாவது, கேமராவின் தலையில் பிளாஷ் பொருத்தும் இடத்தில் மாட்டும் தனி வாங்கி. 2008-இல் நிக்கான் வெளியிட்ட ஜிபி-1, 2012-இல் கேனான் வெளியிட்ட ஜிபி-இ2 ஆகியவை இந்த வகை. மூன்றாவது, கைப்பேசியின் இடத்தைப் புளூடூத் வழியாகக் கேமரா வாங்கிக்கொள்வது. இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் இந்த வழிக்கே வந்துவிட்டன. நடையின் நடுவே இணைப்பு அறுந்ததே தெரியாமல் போவது இதன் குறை. சில ஏற்பாடுகளில் கடைசியாகத் தெரிந்த இடத்தையே அடுத்தடுத்த படங்களிலும் எழுதிக்கொண்டு போகும். கொடைக்கானல் ஏரிக்கரையில் கிடைத்த எண் பெரிஜம் வரை தொடர்ந்து வரலாம். இடமே இல்லாத படத்தால் கெடுதல் இல்லை. தவறான இடம் உள்ள படம் பார்ப்பவரை ஏமாற்றிவிடும்.

நான்காவது வழி எந்தப் பழைய கேமராவுக்கும் பொருந்தும். மலையில் இதுவே மிகவும் நம்பத்தக்கது. கைப்பேசியிலோ தனி ஜிபிஎஸ் கருவியிலோ நடைப்பாதை முழுவதையும் சில நொடிகளுக்கு ஒரு புள்ளியாகப் பதிவு செய்ய வேண்டும். அது ஜிபிஎக்ஸ் என்ற வகைக் கோப்பாகச் சேமிக்கப்படும். கேமரா தன் போக்கில் படம் எடுத்துக்கொண்டிருக்கும். வீடு திரும்பியதும், படத்தின் நேரத்தையும் பாதைப் பதிவின் நேரத்தையும் எக்ஸிஃப்டூல், டிஜிகாம் போன்ற இலவச மென்பொருள் ஒப்பிட்டு, அந்த நொடியில் நடந்தவர் எங்கே இருந்தார் என்று கண்டுபிடித்துப் படத்தில் எழுதிவிடும். பாதை முழுவதும் கையில் இருப்பதால் ஒரு புள்ளி தவறினாலும் அக்கம்பக்கத்துப் புள்ளிகள் அதைக் காட்டிக்கொடுக்கும். கேமராவின் கடிகாரம் மட்டும் சரியாக இருந்தாக வேண்டும்.

இந்தக் கடிகாரத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். எந்தக் கேமராவின் கடிகாரமும் நாளாக ஆக முந்தும் அல்லது பிந்தும். அதற்கு எளிய மருந்து, நடை தொடங்கும்போதும் முடியும்போதும் கைப்பேசியில் நொடி காட்டும் ஜிபிஎஸ் கடிகாரத்தை அதே கேமராவால் ஒரு படம் எடுத்துக்கொள்வதுதான். அந்தப் படத்தில் தெரியும் நேரம் 7 மணி 42 நிமிடம் 10 நொடி, கேமரா தன் கோப்பில் எழுதிய நேரம் 7 மணி 39 நிமிடம் 25 நொடி என்று வைத்துக்கொண்டால், கேமரா 2 நிமிடம் 45 நொடி பிந்துகிறது. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் அந்த இடைவெளியில் 180 மீட்டருக்கு மேல் போயிருப்பார். சோலையின் ஓரத்தில் எடுத்த ஆர்க்கிட் படம் புல்வெளியின் நடுவே போய் உட்கார்ந்துவிடும். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் பேருந்தின் சன்னலிலிருந்து எடுத்த படமானால், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதே பிழை ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். எல்லாப் படங்களுக்கும் 2 நிமிடம் 45 நொடியைக் கூட்டச் சொன்னால் மென்பொருள் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் திருத்தித் தரும். தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த இரண்டு கடிகாரப் படங்களின் வேறுபாடு வெகுவாக மாறியிருந்தால், நடுவில் யாரோ கேமராவின் நேரத்தை மாற்றியிருக்கக்கூடும்.

நேர வலயம் இன்னொரு பொறி. ஜிபிஎஸ் கருவிகள் உலகப் பொது நேரத்தில் எழுதும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. அந்த அரை மணியை விட்டுவிட்டு முழு மணியாக மட்டும் திருத்தினால் எல்லாப் படங்களும் அரை மணி நேர நடைத் தொலைவுக்குத் தள்ளிப் போய்விடும். விடியற்காலை 5.30-க்கு முன் எடுத்த படத்தின் ஜிபிஎஸ் தேதி முந்தைய நாளாக இருக்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினரின் கேமரா இரண்டரை மணி நேரம் முந்தியிருக்கும். பலர் சேர்ந்து போகும் பயணத்தில் எல்லாக் கேமராக்களும் ஒரே கைப்பேசிக் கடிகாரத்தைப் படம் எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பங்கள் அத்தனையும் ஒரே இடத்தில் தீர்ந்துவிடும்.

அடுத்தவை மலைக்கே உரிய சிக்கல்கள். கொடைக்கானலின் மூடுபனிமீது பழி போடுவது வழக்கம், ஆனால் பனியும் மேகமும் ஜிபிஎஸ் சமிக்ஞையை அதிகம் பாதிப்பதில்லை. அடர்ந்த மரக்கிளைகளும் பாறையும்தான் அதை மறைக்கின்றன. சோலைக்குள் மரத்தலைகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். ஈரம் சொட்டும் இலைகள் சமிக்ஞையை மேலும் மங்கச் செய்யும். தூண்பாறை போன்ற செங்குத்துப் பாறைகளுக்கு அருகில் வேறொரு கோளாறு நேரும். செயற்கைக்கோளிலிருந்து நேராக வர வேண்டிய சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வருவதால், வாங்கி தூரத்தைக் கூடுதலாகக் கணக்கிட்டுவிடும். படம் எடுத்தவர் பார்வை மேடையில் நிற்க, வரைபடத்தில் அவர் பள்ளத்துக்குள் நிற்பார். இத்தகைய இடத்தில் அசையாமல் சில நிமிடங்கள் நின்று, எண் ஒரு நிலைக்கு வந்த பிறகு படம் எடுப்பது நல்லது.

வாங்கியை எழுப்பும் இடத்துக்கும் முக்கியத்துவம் உண்டு. கைப்பேசி தன் கோபுரங்களின் வழியாகச் செயற்கைக்கோள்களின் விவரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வதால் ஊருக்குள் நொடிகளில் இடத்தைச் சொல்லிவிடும். கோபுரம் எட்டாத பள்ளத்தாக்கில் அதே விவரம் செயற்கைக்கோளிலிருந்துதான் வர வேண்டும். அது நொடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் வரும். தடையில்லாமல் கிடைத்தாலே அரை நிமிடம் ஆகும். இடையில் மரம் மறைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏரிக்கரையிலோ தங்குமிடத்தின் முற்றத்திலோ வாங்கியை இயக்கி, இடம் கிடைத்த பிறகு காட்டுக்குள் நுழைந்தால் இந்தத் தொல்லை இல்லை.

உயரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தென்னிந்தியர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. ஜிபிஎஸ் முதலில் கணக்கிடுவது கடல்மட்டத்திலிருந்து உயரத்தை அல்ல. பூமியின் வடிவத்துக்கு நெருக்கமான, துருவங்களில் சற்றே தட்டையான ஒரு கணிதப் பரப்பிலிருந்துதான் அது உயரத்தை அளக்கிறது. உண்மையான கடல்மட்டம் ஈர்ப்பு விசையின் ஏற்றத்தாழ்வால் அந்தப் பரப்புக்கு மேலும் கீழுமாக இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான தாழ்வு அதுதான். தமிழ்நாடு அந்தத் தாழ்வின் விளிம்பில் இருக்கிறது. பழனி மலையில் இந்த வேறுபாடு ஏறக்குறைய 90 மீட்டர். இதைத் திருத்தாத கருவியோ செயலியோ 2,343 மீட்டர் உயரத்திலுள்ள ஆய்வகத்தை 2,250 மீட்டரை ஒட்டிய இடத்தில் காட்டும். கருவி திருத்துகிறதா இல்லையா என்பதைக் கொடைக்கானல் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கும்போதே சோதித்துவிடலாம். நிலையத்தின் மஞ்சள் பலகையில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். கருவி அதைவிட 90 மீட்டர் குறைவாகக் காட்டினால் காரணம் இதுதான். இந்த நிலையான பிழையைக் கழித்த பிறகும், கிடைமட்ட இடத்தைவிட உயரம் துல்லியம் குறைந்ததாகவே இருக்கும். ஆனாலும் அதை அலட்சியப்படுத்த முடியாது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் மேல் சாலையும் கீழ் சாலையும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த வளைவில் எடுத்த படம் என்று பிரித்துச் சொல்ல உயரம் ஒன்றுதான் உதவும்.

சூரியனும் இதில் தலையிடுகிறது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதன் அருகே, சூரியன் மறைந்த பிறகு மேல்வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு குமிழிகளாகக் கலங்கும். அதன் வழியாக வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை நடுங்கும். சூரியனில் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில், குறிப்பாக மார்ச்சையும் செப்டம்பரையும் ஒட்டிய மாதங்களில், மாலையிலிருந்து நள்ளிரவு வரை இடம் வழக்கத்தைவிட அலையலாம். நட்சத்திரங்களைப் படம் எடுக்கக் காத்திருப்பவர்கள் அன்றைய இடத்தைப் பகல் வெளிச்சத்திலேயே ஒரு முறை பதிந்துகொள்வது பாதுகாப்பு. சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது கொடைக்கானலில்தான். மின்னேற்ற அடுக்கின் கலக்கத்துக்கு மூலமான சூரியனை நூறாண்டுக்கு மேலாகக் கவனித்துவரும் இடமும் இதே மலையில் இருக்கிறது.

எண்கள் எல்லாம் சரியாக அமைந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. இடக்குறி சொல்வது கேமரா இருந்த இடத்தை, படத்தில் தெரியும் பொருளின் இடத்தை அல்ல. கோக்கர்ஸ் வாக் என்ற மலைவிளிம்பு நடைபாதையிலிருந்து எடுத்த படத்தில் கீழே சமவெளி விரிந்து கிடக்கும்; எண்ணோ நடைபாதையின் கைப்பிடிச் சுவரைச் சொல்லும். எதிர்ச்சரிவில் நிற்கும் வரையாட்டை டெலிலென்ஸ் கொண்டு எடுத்தால் அந்த இடைவெளி பல நூறு மீட்டராகலாம். விலங்குகளின் பரவலைக் குறிக்கும் வரைபடத்தில் இந்த வேறுபாடு தீங்கு செய்யும். திசைகாட்டி உள்ள கருவிகள் கேமரா எந்தப் பக்கம் பார்த்தது என்பதையும் எழுதும். இங்கே காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு 2 டிகிரிக்குள்தான் என்பதால் திருத்தம் பெரிதாகத் தேவைப்படாது. திசைகாட்டி இல்லாதவர்கள் குறிப்பேட்டில் “தென்கிழக்கு, எதிர்ச்சரிவு, சுமார் 400 மீட்டர்” என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாப் படங்களையும் ஒரு வரைபடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். நடந்த பாதையைவிட்டு விலகி நிற்கும் புள்ளிகளும், ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் புள்ளிகளும் உடனே தெரியும். பின்னவை பெரும்பாலும் பழைய இடத்தையே திரும்பத் திரும்ப எழுதிய படங்கள். திருத்தம் செய்யும்போது மூலப் படத்தில் கை வைக்காமல் பிரதியில் செய்வதே முறை. கையால் இட்ட குறியைக் கையால் இட்டது என்று விளக்கக் குறிப்பில் எழுதி வைப்பது நேர்மை.

பகிர்வதில் நிதானம் வேண்டும். எலியோகார்ப்பஸ் பிளாஸ்கோயி என்ற மரம் அழிந்துபோனதாகவே கருதப்பட்டுப் பின்னர் பழனி மலையில் மீண்டும் கண்டறியப்பட்டது. இத்தகைய மரத்தையோ அரிய ஆர்க்கிட்டையோ கூட்டில் குஞ்சு வைத்திருக்கும் பழனிச் சிரிப்பானையோ 5 மீட்டர் துல்லியத்தோடு உலகுக்கு அறிவித்தால், முதலில் வந்து சேர்பவர் ஆய்வாளராக இருப்பார் என்ற உறுதி இல்லை. செடியைப் பிடுங்கிப் போக ஒருவர் போதும். அவர் வராவிட்டாலும், நல்லெண்ணத்தோடு படம் எடுக்க வரும் பலரின் காலடியில் நாற்றுகள் நசுங்கும். ஆப்பிரிக்காவில் காண்டாமிருகப் படங்களை இடக்குறியோடு வெளியிட வேண்டாம் என்று பூங்காக்கள் பயணிகளைக் கேட்டுக்கொள்வதும் இதே காரணத்தால்தான். ஐநேச்சுரலிஸ்ட் என்ற இயற்கைப் பதிவுத் தளம், அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மறைத்து, 0.2 டிகிரி பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகக் காட்டும். கொடைக்கானலில் அந்தக் கட்டம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்டது. சரியான இடம் பதிவில் பத்திரமாக இருக்கும். காட்டில் திரிபவர் கைக்குப் போகாது. இடம் தெரிந்தவரும் நினைத்தபடி அங்கே போய்விட முடியாது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பெரிஜம் போன்ற பகுதிகளுக்குப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். வரைபடத்தில் ஒரு புள்ளி இருப்பது அங்கே போவதற்கான அனுமதி ஆகாது.

மனிதர்களுக்கும் இதே காப்பு தேவை. வீட்டு மாடியில் எடுத்த படத்தில் வீட்டின் இடம் இருக்கும். தோழியரோடு தங்கிய விடுதியின் படத்தில் அந்த விடுதியின் இடம் இருக்கும். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்கஃபி குவாத்தமாலாவில் இருப்பது, ஒரு பத்திரிகை வெளியிட்ட அவருடைய படத்தில் நீக்கப்படாமல் இருந்த இடக்குறியால்தான் தெரியவந்தது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடக்குறி நீங்கிவிடும். அதே படத்தை ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். மின்னஞ்சலிலும் போகும். மூலத்தில் எண்களை வைத்துக்கொண்டு, வெளியே போகும் பிரதியில் மட்டும் நீக்குவது எளிய வழி. படத்தை ஏற்றுமதி செய்யும் எல்லா நல்ல மென்பொருளிலும் இதற்கு ஒரு கட்டம் இருக்கும்.

இடக்குறியின் பயன் ஆண்டுகள் கழித்துத்தான் முழுமையாகத் தெரியும் என்பதால் பாதுகாப்பும் அதற்கேற்ப அமைய வேண்டும். படங்களோடு ஜிபிஎக்ஸ் கோப்பையும், கடிகாரப் படத்தையும், இடத்தின் பெயர் எழுதிய குறிப்பையும் ஒரே அடைவில் வைத்து, இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். 2006-இலும் 2018-இலும் பழனி மலையில் பூத்த நீலக்குறிஞ்சி, தன் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கின்படி 2030-இல் மறுபடி பூக்க வேண்டும். 2018-இல் இடக்குறியோடு எடுத்த படம் கையில் இருப்பவர், அன்று பூத்த சரிவில் இன்று குறிஞ்சிப் புதர் இருக்கிறதா, வாட்டில் ஏறிவிட்டதா என்று இப்போதே போய்ப் பார்க்கலாம். இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்வதால், அந்தச் சரிவின் உண்மையான அட்சரேகையும் தீர்க்கரேகையும் பன்னிரண்டு ஆண்டில் 60 சென்டிமீட்டர் அளவுக்கு மாறியிருக்கும். கேமராவின் 5 மீட்டர் பிழைக்குள் அது அடங்கிவிடும் என்பதால் பழைய எண்ணையே பயன்படுத்தலாம்.